இரு கரைகளுக்கு நடுவே ஒரு கருப்பொருள்: மட்டக்களப்பில் தைலவர்ணம் தீட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தூரிகையைப் பிடிக்கவும், வர்ணங்களைக் கலக்கவும், கன்வஸைச் சட்டத்தில் இழுத்து அடிக்கவும் கற்றுக்கொண்ட பின்னர்தான் ஓவியருக்கு உண்மையான சிரமம் தொடங்குகிறது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை பயின்றவர்களும், உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தவர்களும், தாமாகவே தைலவர்ணத்தைப் பழகிக்கொண்டவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எதைக் கருப்பொருளாக எடுப்பது?" என்ற ஒரே கேள்வியைத்தான். கண்காட்சி ஒன்றுக்கு அழைப்பு வந்தவுடன் பலரும் முதலில் ஒரு பெரிய சொல்லைத் தெரிவுசெய்கிறார்கள். போர், சமாதானம், பெண்மை, இயற்கை, சுனாமி என்பவை அவ்வாறான சொற்கள். பின்னர் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான உருவத்தைத் தேடுகிறார்கள். இவ்வழியில் பிறக்கும் ஓவியம் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்கு வரைந்த விளக்கப்படமாகவே நின்றுவிடுகிறது. நான் இங்கே சொல்லவிருப்பது இதற்கு எதிர்த்திசையிலான வழி. பார்த்த பொருளிலிருந்து தொடங்குங்கள். அதற்கான சொல் கடைசியில் வரட்டும்.

ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுதல்

வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்தோ சைக்கிளிலோ போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, குறைந்தது மூன்று மாதங்களுக்கு வேறெங்கும் போகாமல் அங்கேயே வரையுங்கள். அழகான இடமாக இருக்கவேண்டும் என்பதில்லை. மாரியிலும் கோடையிலும், அலுப்பான நாளிலும் உற்சாகமான நாளிலும் போகக்கூடியதாக இருந்தால் போதும். பிரான்சிலே ஓவியர் மொனே தம் வீட்டின் அருகிலிருந்த வயலின் வைக்கோற் போர்களை 1890ஆம், 1891ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 25 தடவைகள் வரைந்தார். பல கன்வஸ்களை உடன் கொண்டுசென்று, ஒளி மாறும்போது கன்வஸையும் மாற்றினார். வைக்கோற் போரைப் பற்றி உலகுக்குச் சொல்வதற்கு அவரிடம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் ஒரே பொருளை விடாமல் பார்த்ததனால் ஒளியே அவருடைய கருப்பொருளாயிற்று.

நம்முடைய மாவட்டத்திலே இந்தப் பயிற்சிக்கு இயற்கையாகவே அமைந்த ஒரு வசதி உண்டு. தெற்கு வடக்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரித்திருக்கிறது. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என்று ஒளியின் பெயரிலேயே ஊரைப் பிரித்து அழைத்த முன்னோரின் பார்வை ஓர் ஓவியரின் பார்வைதான் என்று நான் நம்புகிறேன். எழுவான்கரையில் நின்று மாலையில் வாவியைப் பார்த்தால் வெளிச்சம் நம் முகத்துக்கு நேரே வரும். தோணியும் கண்டல் மரமும் வலை வீசுபவரும் இருண்ட உருவங்களாகி, நீர் மட்டும் ஒளிரும். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் போய் அதே வாவியைக் காலையில் கிழக்கு நோக்கிப் பார்த்தாலும் எதிரொளிதான். ஆனால் இம்முறை தென்னைகளுக்கும் வீடுகளுக்கும் பின்னாலிருந்து வரும் ஒளி, இலைகளின் இடைவெளியால் துண்டு துண்டாக நீரில் விழும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களின் நண்பகலிலோ சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே நிற்பதால், மரத்தின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடக்கும். அந்த வேளையில் வர்ணங்கள் வெளிறிப்போவதை ஒரு குறையாகக் கருதாமல், அதையே வரைய முயன்று பாருங்கள்.

மாலையில் வேலை செய்பவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்திப்பொழுது மிகக் குறுகியது. சூரியன் மறைந்து 20 நிமிடங்களுக்குள் வர்ணத் தட்டில் எது நீலம், எது கறுப்பு என்று பிரித்தறிவதே கடினமாகிவிடும். ஆகவே பெரிய கன்வஸைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முன்கூட்டியே பூச்சிட்டு வைத்த, கொப்பி அளவிலான கடின அட்டை இரண்டு போதும். அதில் பெரிய நிறப் பரப்புகளை மட்டும், அவற்றிடையேயான வெளிச்ச வேறுபாடு பிழைக்காமல் வைத்துவிட்டுத் திரும்புங்கள். மீதியைச் சொற்களால் குறித்துக்கொள்ளலாம். "நீர் ஈயம் போல, கரையோரம் மட்டும் தேயிலைச் சாயம், வானம் நீரைவிட இருட்டு" என்று என்னுடைய பழைய குறிப்பேடு ஒன்றில் இருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழிந்த பின்பும் அந்த மாலை எனக்கு அந்த வரிகளிலிருந்து அப்படியே கிடைக்கிறது. கைத்தொலைபேசிப் படம் அதைத் தராது. எதிரொளியில் அது நிழலைக் கரியாக்கி, ஒளிரும் நீரை வெறும் வெள்ளையாக்கிவிடும். கயிறு எந்தத் தடியில் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதைச் சரிபார்ப்பதற்குப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு அதை நம்பாதீர்கள்.

அந்த இடத்தில் வேலை செய்யும் மனிதர்களிடம் உங்கள் ஓவியத்தைக் காட்டுவதும் இந்தக் கட்டத்திலேயே நடக்கவேண்டும். தென்னோலைகளெல்லாம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் கிழக்கே சாய்ந்து பறக்க, முன்முனையான அணியத்திலே கயிறு கட்டிய தோணியொன்றும் கிழக்கே அணியத்தை நீட்டிக்கொண்டிருப்பதாக நான் ஒரு படம் வரைந்திருந்தேன். வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "காத்து ஒரு பக்கம், தோணி ஒரு பக்கமா மனே? கட்டின தோணி காத்தப் பாத்துத்தான் நிக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தினால் படத்தின் பாதியை நான் வழித்தெடுத்துத் திரும்ப வரைந்தேன். அவர் சுட்டியது தோணியின் திசையை மட்டுமல்ல. காற்றை நான் பார்க்கவே இல்லை என்பதையும்தான்.

வரைந்தவற்றிலிருந்து கருப்பொருளைக் கண்டுபிடித்தல்

முப்பது, நாற்பது சிறு வரைவுகள் சேர்ந்தவுடன் அவை எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பி வையுங்கள். நன்றாக வந்தவை எவை என்று தேடவேண்டாம். நீங்கள் திட்டமிடாமலே மீண்டும் மீண்டும் வந்து நிற்பது எது என்று தேடுங்கள். வாவி மீனவர்களின் உழைப்பை வரைவதாகவே நான் மூன்று ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தேன். நிலத்தில் பரப்பிப் பார்த்தபோது மனிதர்கள் மிகக் குறைவாகவே இருந்தார்கள். கவிழ்த்து வைத்த தோணி, காயவிட்ட வலை, யாரும் இல்லாத மீனவர் குடிலான வாடி, திண்ணையில் ஒரு வெறுங்கதிரை என்று, ஆள் எழுந்து போன பின் எஞ்சும் பொருட்களையே நான் தொடர்ந்து வரைந்திருந்தேன். எங்கள் பெரியம்மா வீட்டு விறாந்தையில், திரும்பி வராத மகனுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டு, வேறொருவரும் அமராத கதிரை ஒன்று நெடுங்காலம் இருந்தது. அதை நினைத்து நான் ஒருபோதும் வரையத் தொடங்கியதில்லை. ஆனால் கை அதைத்தான் வரைந்துகொண்டிருந்தது. காத்திருத்தல் என்ற சொல் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது; அதற்கு முன்பே படங்கள் இருந்தன.

இவ்வாறு கிடைக்கும் கருப்பொருள் இடத்தை விட்டுப் பிரிந்தாலும் ஓவியரை விட்டுப் போவதில்லை. 1943ஆம் ஆண்டு கொழும்பில் உருவான ஓவியர் அமைப்பான 43 குழுவின் ஸ்தாபக உறுப்பினர்களில் ஒருவரான ஐவன் பீரிஸ், தெகிவளையிலே பிறந்து, தம் வாழ்வின் பெரும் பகுதியை இங்கிலாந்தில் கழித்து, 1988ஆம் ஆண்டு மறைந்தவர். அவருடைய கன்வஸ்களில் கடற்கரையும் அதில் அசையாமல் நிற்கும் மனிதர்களும் பல தசாப்தங்களாகத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். நினைவிலிருந்து வரையப்பட்ட கரை என்பதனால் விவரங்கள் உதிர்ந்து, கோடும் வெளியும் அமைதியும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இத்தாலியின் பொலோஞ்ஞாவில் வாழ்ந்த ஜோர்ஜோ மொராந்தி அதனினும் சிறிய உலகில், சில போத்தல்களையும் சாடிகளையும் இடம்மாற்றி இடம்மாற்றி ஓர் ஆயுளை நிறைத்தார். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களுக்கும், ஒற்றை அறைக்குள் வரையவேண்டிய நிலையிலுள்ள பெண்களுக்கும் இவ்விருவரும் மிக அருகிலுள்ள முன்னோடிகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமகால ஓவியர்களைப் பின்பற்றும்போது அவர்களுடைய பொருளை எடுக்காமல் அவர்களுடைய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1945ஆம் ஆண்டு ஜேர்மனியில் பிறந்த அன்செல்ம் கீஃபர், தம் நாட்டின் பேரழிவையும் குற்றத்தையும் நேர்கொள்வதற்காகக் கன்வஸிலே வைக்கோலையும் ஈயத்தையும் சாம்பலையும் ஏற்றினார். அதைப் பார்த்துவிட்டு அம்பாறையின் வயல்வெளிகளான வட்டைகளிலிருந்து வைக்கோலைக் கொண்டுவந்து ஒட்டுபவர்களை நான் கண்டிருக்கிறேன். நம் ஈரக்காற்றில் ஒரு மாரிக்குள் அது பூஞ்சணம் பிடித்துவிடுகிறது என்பது ஒருபுறமிருக்க, நமக்கு வைக்கோல் என்பது அறுவடை, மாட்டின் தீவனம், சூடு மிதிக்கும் களவெட்டி, குவித்த நெல்லான பொலி. அதற்கு இங்கே வேறு நினைவுகள் உண்டு. "நம் ஊரின் துயரத்தைத் தன் உடலில் சுமந்துகொண்டிருக்கும் பொருள் எது?" என்பதே அவரிடமிருந்து நாம் பெறக்கூடிய கேள்வி.

துயரத்தை வரைதல்

இந்தப் பகுதியை நான் மிகுந்த கவனத்துடன் எழுதுகிறேன். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி, முப்பது ஆண்டுகால யுத்தம், 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமி என்பவற்றில் ஏதாவது ஒன்றேனும் தொடாத வீடு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் அரிது. ஆகவே துயரம் உங்கள் ஓவியத்துக்குள் வரத்தான் செய்யும். அது பத்திரிகைப் படத்தின் வழியாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழும் தாயொருவரின் முகத்தைப் படத்திலிருந்து பெரிதாக்கி வரைவதை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். அந்தத் தாய் கல்முனையிலோ திருக்கோவிலிலோ இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். கண்காட்சிக்கே வந்து நிற்கவும் கூடும். ஒருவருடைய கதையை வரைவதானால் அவரிடம் போய்க் கேளுங்கள். வரைந்ததை மற்றவர்களுக்கு முன் அவருக்குக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதை விட்டுவிடுங்கள்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, ஒரு நிகழ்வை ஒரே ஒரு பொருளுக்குள் இறக்கிவிடுவது. சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறியது. இறைத்து இறைத்து ஊற்றியும் நெடுநாள் தண்ணீர் கரித்தது. ஒரு கிணறு, அதன் கட்டின்மேல் ஒரு வாளி, குடிப்பதற்கன்றிக் கழுவுவதற்கு மட்டுமே எடுக்கப்படும் நீர் ஆகிய மூன்றையும் வைத்து ஒருவர் பத்துக் கன்வஸ்களை வரையலாம். கட்டின் உட்புறத்தில் படிந்த உப்புக் கோட்டினை, அடிப்படை எனப்படும் முதற்பூச்சு நன்றாகக் காய்ந்த பின்னர், எண்ணெய் கலக்காத தடித்த வெள்ளையை உலர்ந்த தூரிகையால் மெல்ல இழுத்துக் காட்டலாம். அலையை வரையாமலேயே அலை அங்கே இருக்கும். சூறாவளியைப் பற்றி எங்கள் வீட்டு முதியவர்கள் பேசும்போது, தலை முறிந்து நின்ற தென்னைகளைப் பற்றியே முதலில் பேசுவார்கள். தலையில்லாத் தென்னைகளின் வரிசை, வானத்தில் எவ்வளவு வெறும் இடத்தை உண்டாக்கும் என்பதை ஒரு கரித்துண்டினால் வரைந்து பாருங்கள்.

சடங்கும் கூத்தும் வேறு வகையான கவனத்தை வேண்டுவன. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடைபெறும் சடங்கும் அம்மனைக் குளிர்விக்கும் திருக்குளிர்த்தியும், வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்படும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் வர்ணம் நிறைந்தவை. அதனாலேயே அவை சுற்றுலா விளம்பரம் போல முடிந்துவிடும் ஆபத்தும் உண்டு. கூத்தனின் முடியையும் உடுப்பையும் நேரே நின்று வரைவதைவிட, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்கும் பக்கத்தில் இருந்து, ஆட்டக்காரர்களின் முதுகையும் அவர்களுக்கு அப்பால் சனத்தின் முகங்களில் விழும் வெளிச்சத்தையும் பாருங்கள். கோயிலுக்குள் வரைவதற்கு முன் நிர்வாகத்தினரிடம் அனுமதி பெறுவது அவசியம். மருதமுனைக் கைத்தறிப் புடவைகளிலும், சாயமிட்ட பன்னால் இழைத்த பாய்களிலும் உள்ள நிறச் சேர்க்கைகளை ஒரு தாளில் சிறு சதுரங்களாகப் பதிந்து வைத்துக்கொண்டால், எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத ஒரு வர்ண அகராதி உங்களிடம் இருக்கும்.

வர்ணமும் காலநிலையும்

கருப்பொருளையும் செய்பொருளையும் பிரித்துப் பார்க்கமுடியாது என்பதனால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆளிவிதை எண்ணெய் நீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து இறுகுகிறது. கச்சான் வீசும் கோடை மாதங்களில் மெல்லிய படை சில நாட்களிலேயே தொடுபதத்துக்கு வரும். அதே காற்று மணலையும் கொண்டுவந்து ஈரப்பூச்சில் ஒட்டும் என்பதால் யன்னலுக்கு மெல்லிய துணி கட்டுங்கள். மாரி அடைமழையில் காய்வது பெரிதும் தாமதிக்கும். அக்காலத்தில் அம்பர் வகைக் கபிலங்களால் அடிப்படை இடுவது நல்லது, அவை விரைவாகக் காயும்; கட்மியம் வகைகளும் ஐவரிக் கறுப்பும் மெதுவாகவே காயும். கீழ்ப்படையில் எண்ணெயைக் குறைத்து, மேலே செல்லச் செல்லக் கூட்டுங்கள். மாறிச் செய்தால் கீழே இன்னும் அசைந்துகொண்டிருக்கும் படைக்கு மேலே இறுகிய படை வெடிக்கும். கன்வஸைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்புறம் காற்றோட விடுங்கள். காயும் ஓவியத்தை இருட்டறையில் பூட்டி வைத்தால் எண்ணெய் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு தெளியும். கடற்கரை வீடுகளில் சாதாரண ஆணி துருவேறிக் கன்வஸைத் தின்றுவிடுவதால் துருப்பிடிக்காத ஆணிகளையே பயன்படுத்துங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் கூடையில் எறியவே கூடாது. எண்ணெய் இறுகும்போது பிறக்கும் வெப்பம் குவியலுக்குள் அடைபட்டுத் தானாகவே தீப்பற்றும். அவற்றை வெளியிலே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

குழாய்கள் அதிகம் வேண்டியதில்லை. டைட்டேனியம் வெள்ளை, மஞ்சட் காவி, எலுமிச்சை மஞ்சள், பேர்ன்ட் அம்பர், அல்ட்ரமரின் நீலம், கட்மியம் சிவப்பு ஆகிய ஆறினால் எங்கள் வாவியை நான் பல ஆண்டுகள் வரைந்திருக்கிறேன். அல்ட்ரமரினும் அம்பரும் சேர்ந்து தரும் இருட்டு, குழாய்க் கறுப்பைவிட ஆழமானது. எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் குளிராகவும் வெம்மையாகவும் மாறும். பெரும்போக இளநெல்லின் பச்சைக்குக் குழாய்ப் பச்சையை நாடாமல் எலுமிச்சை மஞ்சளுடன் நீலத்தை ஊசிமுனையளவு சேருங்கள். கதிர் முற்ற முற்ற அந்த மஞ்சளின் இடத்தைக் காவி பிடித்துக்கொள்ளட்டும்.

ஒரே தொடரைச் சேர்ந்த ஐந்து, ஆறு கன்வஸ்களை ஒருங்கே தொடங்குங்கள். ஒன்று காயும்போது மற்றொன்றில் வேலை செய்யலாம் என்பது இதன் வெளிப்படையான பயன். ஒரு கன்வஸில் கண்டுபிடித்த நிறம் அடுத்ததற்குள் தானாகவே நடந்துபோகும் என்பது, வேலை செய்யும்போதுதான் தெரியவரும் பெரிய பயன்.

உங்கள் ஓவியத்தைப் பற்றி நீங்களே எழுதுதல்

கண்காட்சிக்கு ஒரு பக்கக் குறிப்பு கேட்பார்கள். பெரிய சொல் இப்போதுதான் வரலாம், அதுவும் குறிப்பின் நடுவிலோ முடிவிலோ வரட்டும். "என் ஓவியங்கள் மனித வாழ்வின் துயரங்களைப் பிரதிபலிக்கின்றன" என்று தொடங்கும் குறிப்பை வேறு எவருடைய படத்துக்குக் கீழும் ஒட்டலாம். அதுவே அதன் குறை. "மண்முனைத் துறையில் கட்டியிருந்த ஒரு தோணியை இரண்டு மாரிகளுக்கு வரைந்தேன், இரண்டாவது மாரியில் தோணி அங்கே இல்லை" என்று தொடங்குவது உங்களுக்கு மட்டுமே உரியது. எதைப் பார்த்தீர்கள், எவ்வளவு காலம் பார்த்தீர்கள், எந்த வர்ணங்களால் வரைந்தீர்கள், வரையும்போது உங்கள் எண்ணம் எங்கே மாறியது என்பவற்றை இருநூறு சொற்களுக்குள் எழுதுங்கள். உங்களைத் தூண்டிய ஓவியர்களின் பெயர்களை அடுக்கவேண்டாம்; ஒருவரைச் சொல்லி, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இன்னதென்று சொன்னால் போதும். தமிழில் எழுதி முடித்த பின் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றும்போது, எழுவான்கரை, படுவான்கரை, வட்டை, வாடி, கச்சான் ஆகிய சொற்களை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தலைப்புகளுக்கும் அதே முறைதான். இடம், மாதம், வேளை ஆகிய மூன்றும் போதும்: "வவுணதீவு, மாசி, மாலை ஐந்தரை." கன்வஸ் நன்றாகக் காய்ந்த பின், அதன் பின்புறத்தில் சட்டத்தின் மரத்தின்மீது இவற்றையும் ஆண்டையும், அடிப்படைக்கும் மேற்படைக்கும் இட்ட வர்ணங்களின் பெயர்களையும் பென்சிலால் எழுதுங்கள்; துணியின்மீது எழுதினால் அழுத்தம் முன்புறத்தில் தெரியும். மெருகெண்ணெய் பூசுவதற்கு ஆறு மாதங்கள் தொடக்கம் ஓர் ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதால், பூசவேண்டிய மாதத்தையும் அங்கேயே குறித்து வையுங்கள்.